மரக்காணம் கரையில் படகு அளந்த கதை

விழுப்புரத்தில் கடல் கிடையாது. நாலாபுறமும் ரயில் பிரிந்து போகும் சந்திப்பு உண்டு, நீதிமன்றங்கள் உண்டு, ஆட்சியர் அலுவலகம் உண்டு. ஆனாலும் எக்கியார்குப்பத்து மணலில் ஏற்றி வைத்திருக்கும் ஒரு ஃபைபர் படகுக்கு எண் உண்டா, அதற்கு மானிய டீசல் கிடைக்குமா, புயலில் உடைந்தால் நிவாரணம் வருமா என்பதெல்லாம் இந்தக் கடலில்லாத ஊரின் அலுவலகத்துப் பதிவேட்டில்தான் இருக்கிறது. திண்டிவனமும் அப்படித்தான். மரக்காணம் தனி வட்டமாகும் வரை, அந்தக் கரையின் சாதிச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா எல்லாவற்றுக்கும் திண்டிவனம் தாலுகா அலுவலகத்துக்குத்தான் பஸ் ஏற வேண்டும். கடலுக்குப் போகிறவன் கரையில் இருக்கிறான். அவனை எழுதி வைக்கிற புத்தகம் உள்நாட்டில் இருக்கிறது.

இந்த ஏற்பாடு இன்று நேற்று வந்ததல்ல. சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடனின் ஓய்மாநாட்டுக்குக் கிடங்கில் தலைநகர், எயிற்பட்டினம் துறை. கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் ஆய்வாளர்களில் பலர். ஆளுகை உள்ளே, துறை வெளியே என்ற அமைப்பு அன்றைக்கே இருந்திருக்கிறது. அன்று துறைக்கு வந்த கலங்களை எப்படி அளந்தார்கள் என்பதற்குக் கல்வெட்டோ ஓலையோ இல்லாததால், விழாக் குழுவினர் கேட்ட இந்தக் கட்டுரையைக் கையில் காகிதம் உள்ள காலத்திலிருந்து தொடங்குகிறேன்.

முதல் காகிதம் கடலுக்கானது அல்ல, கால்வாய்க்கானது. 1806-இல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய நீர்வழி மெல்ல மெல்ல இரு திசையிலும் நீண்டது. 1877, 78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டினார்கள். அப்போதைய ஆளுநரின் பெயரால் 1878-இல் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. அதன் தென்முனை நம் மரக்காணம். உப்பும் விறகும் இங்கிருந்து படகேறிச் சென்னைக்குப் போயின. சென்னையிலிருந்து மரக்காணம் வரை 110 கிலோமீட்டர். கயிறு கட்டி இழுத்தும் கழி ஊன்றியும் பாய் விரித்தும் வந்த வழி.

கால்வாய் அரசாங்கத்தின் சொத்து. அதில் போகிறவர் கட்டணம் கட்ட வேண்டும். 1890-இல் சென்னை மாகாணம் கால்வாய்களுக்கும் பொதுப் படகுத் துறைகளுக்குமாக ஒரு சட்டம் செய்தது. படகுக்குப் பதிவு, உரிமம், கட்டணம் எல்லாம் அதன்படி வந்தன. மரக்காணத்துக்காரர் படகை ஓர் அலுவலகம் கணக்கெழுதி வைத்தது என்றால் அந்தக் கணக்கு இப்படித் தொடங்கியதுதான். மீன் பிடிக்கிறவர்கள் அதில் இல்லை. சுமை ஏற்றுகிறவர்கள் மட்டும் இருந்தார்கள், ஏனென்றால் காசு சுமையில்தான் இருந்தது.

அதே நூற்றாண்டில் கடற்கப்பல்களை அளப்பதில் பெரிய மாற்றம் நடந்து முடிந்திருந்தது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் கரையில் இன்றுவரை படகுச் சான்றில் எழுதும் எண்களுக்கு அதுதான் வேர்.

பதிவில் 'டன்' என்று போட்டிருந்தால் படகின் எடை என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது எடையே அல்ல, படகுக்குள் இருக்கும் இடம். 100 கன அடி இடம் ஒரு பதிவு டன். மெட்ரிக்கில் சொன்னால் 2.83 கன மீட்டர். எடை என்பது வேறு கணக்கு: படகு தள்ளும் தண்ணீரின் எடைதான் படகின் எடை, கடல்நீரில் 35 கன அடி ஒரு டன். ஆகவே '20 டன் படகு' என்று ஒருவர் சொன்னால், எந்த டன் என்று கேட்காமல் விலை பேசுவது வம்பு.

பழைய முறை 1773-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டமாக்கியது. நீளத்திலிருந்து அகலத்தின் ஐந்தில் மூன்று பங்கைக் கழி, மீதியை அகலத்தால் பெருக்கு, பிறகு அகலத்தின் பாதியால் பெருக்கு, 94-ஆல் வகு. ஆழத்தை யாரும் அளக்கவே இல்லை. சரக்கு ஏற்றிய கப்பலுக்குள் இறங்கி ஆழம் பார்ப்பது சிரமம் என்பதால், ஆழம் அகலத்தில் பாதி இருக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். கப்பல் கட்டுபவர் சும்மா இருப்பாரா? அகலம் கூடினால் கணக்கு இரட்டிப்பாக ஏறுகிறது, ஆழத்தைக் கேட்பாரில்லை. எனவே கப்பல்கள் ஒடுங்கின, ஆழமாயின. துறைமுகக் கட்டணம் குறைந்தது. காற்றில் கவிழும் ஆபத்து கூடியது. அளவுகோல் கெட்டதென்றால் கப்பலும் கெடும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அதைத் திருத்தியவர் ஜார்ஜ் மூர்சம். அவருடைய முறையை 1854-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டம் ஏற்றது. பேரரசின் துறைமுகங்களுக்கெல்லாம் அது வந்தது. மூர்சம் செய்தது, படகைக் கத்தரித்த துண்டுகளாகப் பார்த்ததுதான். மாதிரிக்கு 40 அடி நீளமுள்ள ஒரு மேல்தளப் படகை எடுத்துக்கொள்வோம். 50 அடிக்கு உட்பட்ட படகானால் நீளத்தை நான்கு சம பாகமாகப் பிரிக்க வேண்டும் என்பது விதி. 50-க்கு மேல் 120 வரை ஆறு, 180 வரை எட்டு, 225 வரை பத்து, அதற்கு மேல் பன்னிரண்டு. நம் படகுக்கு அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை பத்துப் பத்தடி இடைவெளியில் ஐந்து இடங்கள் கிடைக்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் ஆழத்தை நான்காகப் பிரித்து, மேலிருந்து கீழாக ஐந்து அகலங்களை அளக்க வேண்டும்.

நடுப்பகுதியில் ஆழம் 6 அடி என்று வைப்போம். அகலங்கள் 12, 11.5, 10, 7, 1 அடி. இவற்றை அப்படியே கூட்டி ஐந்தால் வகுத்தால் தப்பு வரும், ஏனென்றால் படகின் விலா வளைவு. அதனால் சிம்சன் விதி: முதலையும் கடைசியையும் ஒன்றால், இரண்டாவதையும் நான்காவதையும் நான்கால், நடுவை இரண்டால் பெருக்கிக் கூட்டு. 12, 46, 20, 28, 1, மொத்தம் 107. அளவுகளுக்கு இடையிலான தூரம் ஒன்றரை அடி; அதில் மூன்றில் ஒன்று அரை. 107-இல் பாதி 53.5. நடுவெட்டின் பரப்பு 53.5 சதுர அடி.

இப்படி ஐந்து வெட்டுகளுக்கும் பார்த்து அணியத்தில் 0, அடுத்து 36, 53.5, 44, அமரத்தில் 8 என்று வந்தால், அதே பெருக்கலை மறுபடி நீளவாக்கில் செய்ய வேண்டும். 0, 144, 107, 176, 8, மொத்தம் 435. இடைவெளி பத்தடி, அதில் மூன்றில் ஒன்றால் பெருக்கினால் 1,450 கன அடி. நூறால் வகுத்தால் 14.5 டன். பள்ளிக்கூடத்துக் கணக்கு நோட்டில் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும் வேலைதான், ஆனால் இருபத்தைந்து அகலங்களையும் படகுக்குள் குனிந்து, வங்குகளுக்கு (விலாக் கட்டைகளுக்கு) நடுவில் டேப்பைப் பிடித்து எடுக்க ஒரு பகல் போய்விடும்.

இப்போது இதே படகைப் பழைய முறையில் போட்டுப் பாருங்கள். 40-இல் 7.2 போக 32.8, 12-ஆல் பெருக்கி, 6-ஆல் பெருக்கி, 94-ஆல் வகுத்தால் 25 டன். அமெரிக்கக் கடலோரக் காவல்படை சிறு படகுகளுக்கு வைத்திருக்கும் சுருக்கக் கணக்கு வேறு: நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி, எஞ்சின் படகானால் 0.67-ஆல் பெருக்கி, நூறால் வகு. அதில் 19.3. இன்று உலகம் முழுவதும் பெரிய கப்பல்களுக்கு வழங்கும் சர்வதேச முறையில் கொள்ளளவை மட்டும் போட்டால் ஒன்பதரை. படகு ஒன்றுதான். எண் நான்கு. யாரும் பொய் சொல்லவில்லை.

அந்த ஒன்பதரை எங்கிருந்து வந்தது? மூர்சம் முறையிலும் ஓட்டை விழுந்தது. அடைத்த இடத்தைத்தான் அளப்போம் என்றால், அடைக்காத இடம் என்று காட்டிவிடலாம் அல்லவா? மேல்தளத்தில் வேண்டுமென்றே ஒரு திறப்பை விட்டு, அதன்மேல் கழற்றக்கூடிய பலகைகளைப் போட்டு, 'இது திறந்த இடம்' என்று சொல்லிக் கணக்கிலிருந்து நீக்கிக்கொண்டார்கள். அந்தத் திறப்பு வழியே கடல் உள்ளே வந்த கதைகளும் உண்டு. சூயஸ் கால்வாய்க்கு ஒரு கணக்கு, பனாமாவுக்கு ஒரு கணக்கு என்று குழப்பம் மிஞ்சியது. கடைசியில் 1969-இல் லண்டனில் நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. 1982 ஜூலை 18-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி படகுக்குள் அடைபட்ட மொத்த இடத்தையும் கன மீட்டரில் எடுத்து ஒரு கெழுவால் பெருக்க வேண்டும். கெழு 0.2-உடன், கொள்ளளவின் பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கையை 0.02-ஆல் பெருக்கிக் கூட்டினால் வருவது. 100 கன மீட்டருக்கு 0.24, அதாவது மொத்த டன்னேஜ் 24. 10,000 கன மீட்டருக்கு 0.28, அதாவது 2,800. இதற்கு அலகே கிடையாது; டன் என்று பின்னொட்டுப் போடுவதுகூடத் தப்பு. இந்தியா இதை 1987-ஆம் ஆண்டு டன்னேஜ் அளவை விதிகளாகத் தன் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

ஆனால் அந்த உடன்படிக்கை 24 மீட்டருக்குக் குறைந்த கலங்களைத் தொடுவதில்லை. மரக்காணத்திலிருந்து பொம்மையார்பாளையம் வரை நம் கரையில் ஏறி இறங்கும் படகுகள் எதையும் லண்டன் தொடவில்லை என்று பொருள். இந்தியச் சட்டமும் முதலில் அதிகம் தொடவில்லை. 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம், இந்தியக் கப்பல் எல்லாவற்றையும் பதிவு செய் என்றது. ஆனால் நிகர அளவு 15 டன்னுக்கு மேற்படாமல், இந்தியக் கரையோரத்தில் மட்டும் ஓடுவதானால் வேண்டாம் என்று விட்டது. மேலே கணக்குப் போட்ட 14.5 டன் படகு இந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பதைக் கவனியுங்கள்.

கட்டுமரத்தின் கதை இன்னும் தூரம். பிரிட்டிஷ் அதிகாரியோ இந்திய அதிகாரியோ டேப்பை எடுத்துக்கொண்டு வந்திருந்தால் கட்டுமரத்தின் முன்னால் திகைத்துத்தான் நின்றிருப்பார். கட்டுமரத்துக்கு 'உள்ளே' என்று ஒன்று இல்லை. கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. தண்ணீர் மேலே வரும், இடுக்கு வழியே போகும். கவிழ்ந்தால் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறிக்கொள்ளலாம். அடைபட்ட இடம் சுழி. மூர்சம் முறையில் அதன் டன்னேஜும் சுழி. சோழமண்டலக் கரையின் மிகப் பெரிய படகுக் கூட்டமே நூற்றாண்டுகளாகப் பதிவேடு எதிலும் இல்லாமல் இருந்ததற்கு, அளக்க அதில் எதுவும் இல்லை என்பதும் ஒரு காரணம். வரி போடவும் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறை 1907-இல் தொடங்கியது. கூட்டுறவு இயக்கத்துக்கு அறிக்கை எழுதிய அதே பிரடெரிக் நிக்கல்சன் அதற்கும் முன்னின்றார். அவர் காலத்துக் கவலை மீனைப் பதப்படுத்துவதும் எண்ணெய் எடுப்பதும். படகை அளக்கும் கவலை சுதந்திரத்துக்குப் பிறகு எஞ்சினோடு வந்தது. 1950-களில் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் கப்பல் வடிவமைப்பாளர்கள் வந்து விசைப்படகுக்கு வரைபடம் போட்டார்கள். அரசு கடனும் மானியமும் கொடுத்தது. காசு கொடுத்தால் காகிதம் வேண்டும். அதற்குப் படகின் நீளம், அகலம், ஆழம், எஞ்சினின் குதிரைத்திறன் வேண்டும்.

நம் கரையில் அந்தப் புரட்சி பாதிதான் வந்தது. விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரை சுமார் 40 கிலோமீட்டர். 19 மீனவ ஊர்கள். வசவன்குப்பம், கைப்பாணிக்குப்பம், எக்கியார்குப்பம், மண்டவாய் புதுக்குப்பம், கூனிமேடு என்று நீளும் கரை. துறைமுகம் கிடையாது. பெரிய விசைப்படகு வைத்துக்கொள்ள நினைப்பவர் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ போக வேண்டியதுதான். மணலில் இழுத்து ஏற்றக்கூடிய கலம்தான் இங்கே செல்லும். அதனால் மரக்காணம் கரையின் பதிவேடு பெரும்பாலும் நாட்டுப்படகுப் பதிவேடு.

1983 ஒரு முக்கியமான ஆண்டு. டெல்லியில் வணிகக் கப்பல் சட்டத்துக்குள் மீன்பிடிப் படகுகளுக்கென்று 15-ஏ என்ற தனிப் பகுதியைச் சேர்த்தார்கள். அதே ஆண்டில் சென்னையில் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. முதலாவது, இது இந்தியப் படகுதானா என்று கேட்டது. இரண்டாவது, இந்தப் படகு எங்கே, எப்போது, எந்த வலையோடு போகலாம் என்று கேட்டது. விசைப்படகு கரையோரத்தில் மீன் பிடிக்கக் கூடாது, அந்த நீர் நாட்டுப்படகுக்கு என்ற கோடு இரண்டாவது சட்டத்திலிருந்து வந்ததுதான். இழுவைப் படகுகளோடு கட்டுமரக்காரர்கள் மோதிய ஆண்டுகளுக்குப் பிறகு எழுதிய சட்டம் அது. எந்தப் படகு எந்த வகை என்ற கேள்விக்கு அப்போதுதான் உயிர் வந்தது. மீனவர் பக்கத்திலிருந்து பார்த்தால், படகை அளப்பதால் முதன்முதலாக நமக்கும் ஒரு பயன் கிடைத்தது இங்கேதான் என்பேன்.

அப்போதும் ஊர்களில் பதிவு பெயரளவுக்குத்தான் இருந்தது. அதை மாற்றியவை இரண்டு பேரிடிகள். 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலை கட்டுமரங்களை வாரிக்கொண்டு போனது. அதற்குப் பதிலாக அரசும் தொண்டு நிறுவனங்களும் கொடுத்தவை ஃபைபர் படகுகள். ஓரிரு ஆண்டுக்குள் கரையின் முகமே மாறிவிட்டது. 'மரத்துல போறோம்' என்றவர்கள் 'போட்டுல போறோம்' என்றார்கள். ஃபைபர் படகுக்கு உள்ளே இடம் உண்டு, நீளம் அகலம் ஆழம் உண்டு, எஞ்சின் உண்டு, பில் உண்டு. அளக்க முடியாததாக இருந்த படகுக் கூட்டம் ஒரே வீச்சில் அளக்கக்கூடியதாயிற்று.

இரண்டாவது, 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதல். குஜராத்தின் 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் தாக்கியவர்கள் வந்தார்கள் என்றதும், நாட்டிலுள்ள எல்லா மீன்பிடிப் படகும் எழுத்தில் இருக்க வேண்டும் என்றாயிற்று. 2009 ஜூனில் மத்திய அரசு பதிவுப் படிவத்தைத் திருத்தி, பதிவாளர்கள் யார் யார் என்றும் அறிவித்தது. மாநிலங்களின் மீன்வள அதிகாரிகள் பதிவாளர்கள் ஆனார்கள். நாடு முழுவதற்கும் ஒரே இணையவழிப் பதிவு முறை வந்தது. நாட்டின் குறி, மாநிலத்தின் குறி, மாவட்ட எண், படகின் வகை, வரிசை எண் என்று அணியத்தின் இரு பக்கமும் எழுதியிருக்கிறோமே, அது அப்படி வந்தது. விசைப்படகுக்கு எம்.எம்., எஞ்சின் வைத்த நாட்டுப்படகுக்கு எம்.ஓ.

நம் கரைக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்திலிருந்து தெற்கே போனால் கனகசெட்டிக்குளம், காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி எல்லாம் புதுச்சேரி. அதைத் தாண்டினால் பொம்மையார்பாளையம் மறுபடி தமிழ்நாடு. மணலில் கோடு தெரியாது. ஒரே கடல், பெண் கொடுத்து எடுக்கும் ஒரே சனம். பக்கத்துப் பக்கத்துப் படகுகளில் ஒன்றில் டி.என்., இன்னொன்றில் பி.ஒய். மாமன் படகுக்கு ஒரு மானியம், மச்சான் படகுக்கு வேறு மானியம். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது ஒருவர் பங்குப் படகு எல்லை தாண்டிப் போனால், எண்ணை மாற்ற இரண்டு அலுவலகங்களுக்கு நடக்க வேண்டும்.

பதிவுக்காகப் படகை அளக்கும்போது உண்மையில் நடப்பதைச் சொல்கிறேன். மூர்சமின் இருபத்தைந்து அகலங்கள் இங்கே இல்லை. மூன்றே மூன்று அளவு. மீன்வள ஆய்வாளரோ சார் ஆய்வாளரோ கரைக்கு வருகிறார். டேப்பின் ஒரு முனையை அணியத்தின் நுனியில் ஒரு பையன் பிடிக்கிறான், மறுமுனை அமரத்தின் வெளிப்பக்கத்தில். இங்கேதான் கோளாறு. டேப்பை நேராக இழுக்காமல் படகின் விளிம்போடு ஓடவிட்டால், விளிம்பின் வளைவையும் சேர்த்து நீளம் கூடிவிடும். படகு சரிவான மணலில் அணியம் தூக்கிக் கிடக்கும்; அப்போது தரைமட்டத்தில் இரண்டு குச்சி நட்டு அளந்தால் நீளம் குறையும். அகலம் எங்கே அதிகமோ அங்கே, வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு. ஆழம் நடுவில், விளிம்பு மட்டத்தில் குறுக்கே ஒரு துடுப்பை வைத்து, அதன் அடியிலிருந்து உள்தரை வரை. மணலோ மழைத்தண்ணீரோ உள்ளே இருந்தால் ஆழம் குறைவாக விழும். எஞ்சின் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். படகு கட்டிய யார்டின் சான்று, எஞ்சின் வாங்கிய பில், உரிமையாளரின் ஆதார், உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் சேர்ந்த பிறகுதான் எண். படகு கட்டும் பழைய ஓடாவிகள் கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்கள். அவர்களிடம் கேட்டால் டேப் வருவதற்கு முன்பே நீளத்தைச் சொல்லிவிடுவார்கள். சான்றில் ஓடாவியின் வாய்வார்த்தைக்கு இடமில்லை.

இந்த மூன்று எண்ணும் ஒரு குதிரைத்திறன் எண்ணும் என்ன செய்கின்றன என்று பார்த்தால், டன்னேஜ் என்ற பழைய கேள்வி நம் கரையில் எப்படி மாறியிருக்கிறது என்பது புரியும். விற்பனை வரி விலக்கு டீசல் விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராகவும், எஞ்சின் வைத்த நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டராகவும் இருந்தது. 2023-இல் அவற்றை 19,000 என்றும் 4,400 என்றும் உயர்த்துவதாக அரசு அறிவித்தது. சான்றில் எந்த இரண்டு எழுத்து இருக்கிறது என்பதில் அவ்வளவு லிட்டர் வித்தியாசம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலமும் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் கட்டுப்படுத்துகிறது. 24 மீட்டருக்கு மேல் நீளமோ 240 குதிரைத்திறனுக்கு மேல் எஞ்சினோ கொண்ட மீன்பிடிப் படகைத் தமிழ்நாட்டில் பதிவு செய்வதில்லை.

இந்தக் கடைசி விதியைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நோக்கம் நல்லது, கடலைச் சுரண்டும் ராட்சதப் படகுகளைத் தடுப்பது. ஆனால் 1773-இல் ஆழத்தை அளக்காமல் விட்டதால் கப்பல் ஆழமானது போல, மூன்று அளவுகளில் நீளத்துக்கு மட்டும் கோடு போட்டால் அகலமும் ஆழமும்தான் வளரும். ஒரே 20 மீட்டர் நீளத்தில், அகலமும் ஆழமும் ஒவ்வொன்றும் கால் பங்கு கூடினால், மீன் அறையின் கொள்ளளவு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். பதிவேட்டில் நீளம் அப்படியே இருக்கும். படகு எவ்வளவு பிடித்து வரக்கூடியது என்பதை அறிய வேண்டுமானால், மூர்சம் சொன்ன மாதிரி உள்ளிடத்தைத்தான் அளக்க வேண்டும். பெரிய விசைப்படகுகளுக்காவது அதைச் செய்யலாம். நம் கரையின் ஃபைபர் படகுகளுக்கு மூன்று அளவே போதும். அதைச் சரியாக எடுத்தால் போதும்.

கால்வாயைப் பற்றி ஒரு சொல் மிச்சம். 1965, 66 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. ரயிலும் லாரியும் மிச்சத்தை முடித்தன. 2008 நவம்பரில் அது தேசிய நீர்வழி 4-இன் பகுதி என்று சட்டத்தில் ஏறியது. மரக்காணத்திலிருந்து கழுவேலி வழியாகப் புதுச்சேரி வரை 22 கிலோமீட்டரும் அதில் சேர்த்தி. 1917-ஆம் ஆண்டின் பழைய உள்நாட்டுக் கலங்கள் சட்டத்துக்குப் பதில் 2021-இல் புதுச் சட்டமும் வந்துவிட்டது. அதே 2021-இல் கழுவேலி பறவைகள் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. நீர்வழியும் சரணாலயமும் ஒரே தண்ணீரில் எப்படிக் குடித்தனம் நடத்தும் என்பதைச் சட்டங்கள் சொல்லவில்லை. ஒரு நாள் மரக்காணம் முகத்துவாரத்தில் மூன்று படகுகள் நின்றால், கால்வாய்ப் படகை ஒரு சட்டம் அளக்கும், மீன்படகை ஒரு சட்டம் அளக்கும், சரக்குத் தோணியை இன்னொரு சட்டம் அளக்கும். 1958-ஆம் ஆண்டு சட்டத்தின் இடத்துக்கு 2025-இல் நாடாளுமன்றம் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. அதன் விதிகள் நம் 19 ஊர்ப் படகுகளை எப்படித் தொடும் என்பதை மீனவர் சங்கத்தார் கவனித்து வர வேண்டும்.

2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று நம் கரை புயலுக்குப் பழகியது. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் கணக்கெடுக்க வருகிறவர் முதலில் கேட்பது சான்றைத்தான். படகு முழுச் சேதமா, பகுதிச் சேதமா என்பது இரண்டாவது கேள்வி. சான்றில் உள்ள நீளமும் மணலில் கிடக்கும் படகின் நீளமும் பொருந்தாமல் போனால், அது வேறு படகோ என்ற சந்தேகம் வரும். எஞ்சினை மாற்றிவிட்டுச் சான்றில் மாற்றாமல் விட்டவர்கள், பழைய படகை வாங்கி விற்றவர் பெயரிலேயே ஓட்டுகிறவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது சுருக்கம். ஆய்வாளர் அளக்க வரும்போது படகைச் சமமான இடத்தில் நிறுத்தி, உள்ளே காலி செய்து வையுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் நீங்களும் குறித்துக்கொண்டு, சான்று வந்ததும் ஒப்பிடுங்கள். கைமாறினால் அந்த மாதத்திலேயே பெயர் மாற்றுங்கள்.

இன்னொரு வேண்டுகோள் முதியவர்களுக்கு. கால்வாய்ப் படகு உரிமச் சீட்டு, உப்பு ஏற்றிய ரசீது, பழைய விசைப்படகுப் பதிவுப் புத்தகம், எண் பொறித்த தகடு என்று எதுவும் வீட்டுப் பெட்டியில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். இந்த ஊர்களின் படகு வரலாற்றுக்கு அவற்றைத் தவிர வேறு ஆவணம் கிடைப்பது அரிது. விழாக் குழுவிடம் கொடுத்தால் படி எடுத்துக்கொண்டு, மூலத்தைத் திருப்பித் தருவார்கள்.